பழைய சிஜே 3பி ஜீப் ரோட்ல அலையுது, ஸ்டீயரிங் பாக்ஸ் பாத்தும் சரியாகல

போடிமெட்டு டீசல்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல 1979 மாடல் மஹிந்திரா சிஜே 3பி ஒண்ணு நிக்குது, அப்பா காலத்து வண்டி. ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின எறக்கிட்டு டீசல் எஞ்சின் ஏத்தி இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. ஃபோர் வீல் இன்னும் நல்லா புடிக்குது, ஏலத்தோட்டத்துக்கு உரமூட்ட, ஆளுங்கன்னு வாரத்துல மூணு நாள் மேல ஏறி எறங்கும்.

பிரச்சன என்னன்னா, போடிமெட்டு ஏத்தத்துல 17 கொண்டை ஊசி வளைவுலயும் ஒரு கொறையும் தெரியாது, அங்க 20, 25ல தான போறோம். கீழ எறங்கி போடி தேனி ரோட்ல 45, 50 தொட்டா போதும் வண்டி தன் இஷ்டத்துக்கு அலைய ஆரம்பிச்சிருது. ஒரு பக்கமா இழுக்கல, அத மொதல்லயே சொல்லிர்றேன். எடது பக்கம் லேசா நகரும், நான் வலது திருப்புனா ஒண்ணும் நடக்காது, இன்னும் கொஞ்சம் திருப்புனா டக்குனு வலது பாயும், திரும்ப எடது திருப்பணும், இப்படியே தேனி வரைக்கும் ரெண்டு கையாலயும் ரம்பம் அறுக்குற மாதிரி ஓட்டிட்டு போறேன். எதிர்ல பஸ் வந்தா வயித்த கலக்குது. போன வாரம் எங்கம்மா பாதி வழியில எறங்கி ஷேர் ஆட்டோ புடிச்சு போயிட்டாங்க, இனி இதுல ஏற மாட்டேன்ட்டாங்க.

இதுவரைக்கும் செஞ்சது: ஸ்டீயரிங் பாக்ஸ் கழட்டி ரீகண்டிஷன் பண்ணியாச்சு, அப்புறமும் ப்ளே (சக்கரம் திரும்பாம ஸ்டீயரிங் சும்மா ஆடுறது) இருக்குன்னு சைடுல இருக்குற ஸ்க்ரூவ ரெண்டு தடவ டைட் வெச்சாங்க. சக்கரத்த திருப்புற டை ராடு கம்பிகளோட முனை ஜாயிண்ட், அதான் டை ராடு எண்ட், நாலும் புதுசு. வீல் அலைன்மெண்ட் கடைக்கு போனா கம்ப்யூட்டர்ல இந்த வண்டியே இல்லன்னு சிரிச்சு அனுப்பிட்டான். மொத்தம் 11,000 ரூவா போச்சு. டைட் வெச்சதுக்கு அப்புறம் இன்னொரு கூத்து, வளைவுல திருப்பிட்டு கைய விட்டா ஸ்டீயரிங் தானா திரும்பி வரமாட்டேங்குது, நாமதான் கொண்டாரணும். வண்டிய நிறுத்தி ஸ்டீயரிங்க ஆட்டி பாத்தா வளையத்துல ஒரு மூணு இன்ச் சும்மா ஆடுது.

பவர் ஸ்டீயரிங் போட்டா தீந்துரும்னு ஒருத்தர் சொல்றார். போடலாமா?

ஆஃப்ரோடு தம்பி:
ப்ரோ யோசிக்காதீங்க, பவர் ஸ்டீயரிங் போட்ருங்க. இந்த காலத்துல போய் பழைய பாக்ஸ கட்டிட்டு அழுதுட்டு இருக்கணுமா. நான் எங்க மாமா வண்டிக்கு போட்டேன், ஒரு விரல்ல ஓட்டுறாரு. கூடவே ஒரு ஸ்டீயரிங் டேம்பரும் போட்டா ராக்கெட்.

லேத்துக்காரர்:
தம்பி டீசல், எந்த ஊரு பவர் ஸ்டீயரிங்கும் இப்ப வேண்டாம், கொஞ்சம் பொறுங்க. நீங்க மூணு இன்ச் ஆடுதுன்னு சொல்றீங்க, அந்த மூணு இன்ச் எங்க போகுதுன்னு யாராச்சும் வண்டிக்கு அடியில படுத்து பாத்தாங்களா? யாரும் பாத்திருக்க மாட்டாங்க. ப்ளேன்னு சொன்ன உடனே பாக்ஸ் ஸ்க்ரூவ முறுக்குறதுதான் எல்லா பட்டறையிலயும் நடக்குது, ஏன்னா அது நின்ன எடத்துலயே கைக்கு எட்டும், அடியில படுத்தா சட்ட அழுக்காகும்.

மொத வேலையா அந்த ஸ்க்ரூவ லூஸ் பண்ணுங்க. இந்த வண்டியோட பாக்ஸ்ல கேம் ஒண்ணு சுத்தும், அதோட பள்ளத்துல லிவரோட பின் ஓடும். நேரா ஓடுறப்ப பின் நிக்கிற நடு எடந்தான் அதிகமா தேயும், ரெண்டு ஓரமும் அவ்வளவா தேயாது. நடுவுல ப்ளே இல்லாம முறுக்குனா ஓரத்துக்கு போறப்ப இறுகும். உங்களுக்கு ஸ்டீயரிங் திரும்பி வராததுக்கு பாதி காரணம் அதுதான். வண்டிய நேரா நிறுத்தி, முன்னால ரெண்டு சக்கரத்தையும் தூக்கி, இந்த கோடியில இருந்து அந்த கோடி வரைக்கும் திருப்பி பாருங்க, எங்கயும் இறுகக் கூடாது. இறுகாத அளவுக்கு எவ்வளவு டைட் வைக்க முடியுமோ அவ்வளவுதான், மிச்ச ப்ளே அப்படியே இருந்துட்டு போகட்டும். பாக்ஸ்ல 90 கியர் ஆயில் இருக்கான்னும் பாத்துக்கங்க, பாதி வண்டில கிரீஸ அடச்சு வெச்சிருப்பாங்க.

அடுத்து, வண்டி நாலு சக்கரத்துலயும் தரையில நிக்கணும், எஞ்சின் ஆஃப். ஒரு ஆள உக்கார வெச்சு ஸ்டீயரிங்க அந்த மூணு இன்ச்சுக்குள்ள மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்ட சொல்லுங்க, நீங்க அடியில படுத்து ஒவ்வொரு ஜாயிண்டா கைய வெச்சு போங்க. கண்ண நம்பாதீங்க, கைய வெச்சா தெரியும், ஜாயிண்டுக்கு இந்த பக்கம் அசையும் அந்த பக்கம் அசையாது, அங்கதான் உங்க காசு இருக்கு.

எங்கெங்க வைக்கணும்னா, மொதல்ல பாக்ஸே சேசிஸ்ல ஆடுதான்னு பாருங்க. பழைய வண்டில பாக்ஸ் உக்கார்ற எடத்துல சேசிஸ் கீறல் விட்டிருக்கும், பெயிண்ட்டும் மண்ணும் மூடி இருக்குறதால தெரியாது, ஆட்டறப்ப கீறல் வாய் தெறந்து மூடும். அப்புறம் பாக்ஸ்ல இருந்து முன்னால போற கம்பி, டிராக் லிங்க், அதோட ரெண்டு முனையிலயும் ஸ்ப்ரிங்கும் கிண்ணமும் வெச்சு பிளக் போட்டு காட்டர் பின் குத்தி இருப்பாங்க. பிளக்க முழுசா முறுக்கிட்டு, முன் முனையில அரை சுத்து, பாக்ஸ் பக்க முனையில ஒரு முழு சுத்து திரும்ப விட்டு பின் போடணும், ஒரேயடியா இறுக்குனா பால் ஒடஞ்சுரும்.

முக்கியமான ஆள் அடுத்து வர்றாரு, பெல் கிராங்க். சேசிஸோட முன் குறுக்கு சட்டம், அதான் க்ராஸ் மெம்பர், அது நடுவுல ஒரு பின்ல தொங்குறது. டிராக் லிங்க் அத தள்ளும், அது ரெண்டு டை ராடையும் தள்ளும். அதாவது பாக்ஸ்ல இருந்து வர்ற அவ்வளவு வேலையும் அந்த ஒத்த பின் வழியாத்தான் சக்கரத்துக்கு போகுது. உள்ள இருக்குற நீடில் பேரிங் தண்ணி, சேறுன்னு நொறுங்கி பவுடரா போயிருக்கும், பின் ஒரு பக்கமா தேஞ்சு நிலா பிறை மாதிரி இருக்கும். நான் இதுவரைக்கும் பாத்த அலையிற சிஜேல பத்துக்கு எட்டுல இதுதான் ஆடும். டை ராடு எண்ட் நாலும் மாத்துனவரு இத மாத்தலன்னா, கால விட்டுட்டு செருப்ப மாத்துன கத.

கடைசியா சக்கரத்த தூக்கி மேல கீழ புடிச்சு ஆட்டுங்க. ஆடுச்சுன்னா இன்னொரு ஆள பிரேக்க மிதிச்சு வெச்சுக்க சொல்லிட்டு திரும்ப ஆட்டுங்க. ஆட்டம் நின்னுச்சுன்னா வீல் பேரிங், நிக்கலன்னா சக்கரம் எடது வலது திரும்புற அச்சு, கிங் பின். போய் பாத்துட்டு வந்து சொல்லுங்க.

போடிமெட்டு டீசல்:
அண்ணே காலையிலயே படுத்து பாத்தேன், தம்பி மேல உக்காந்து ஆட்டுனான். நீங்க சொன்ன மாதிரியே பெல் கிராங்க் சுத்துறதுக்கு முன்னாடி ஒரு பக்கமா சாஞ்சு எந்திரிக்குது, கை வெச்சா கடக் கடக்னு இருக்கு. கிரீஸ் நிப்பிளே ஒடஞ்சு கெடந்துச்சு, எப்ப கடைசியா கிரீஸ் அடிச்சதுன்னு எங்கப்பாவுக்கே தெரியல. சேசிஸ்ல கீறல் இல்ல, ஆனா பாக்ஸ் போல்ட்டு ஒண்ணு லூஸ். டிராக் லிங்க் பரவால்ல. சக்கரம் ஆட்டுனதுல எடது பக்கம் லேசா ஆட்டம், பிரேக் மிதிச்சும் நிக்கல, அப்ப கிங் பின்னுங்களா?

பெல் கிராங்க்குக்கு பின்னும் பேரிங்கும் மதுரையில கெடைக்குமா இல்ல லேத்துல கன்மெட்டல் புஷ் அடிச்சு போட்டுரலாமா? நீடில் பேரிங் போட்டா திரும்ப போயிரும்னு சொல்றாங்க.

லேத்துக்காரர்:
கன்மெட்டல் புஷ் தாராளமா போடலாம், நான் போட்டதெல்லாம் ஓடிட்டுதான் இருக்கு. ஆனா பழைய பின்ன வெச்சுட்டு புஷ்ஷ மட்டும் புதுசா போடாதீங்க, பின்ன புதுசா கடஞ்சு, ஹார்டு பண்ணி, அதுக்கு தக்க புஷ்ஷ ரீமர் விட்டு எடுக்கணும். கிரீஸ் போற ஓட்டையும் உள்ள ஒரு பள்ளமும் மறக்காம போட சொல்லுங்க, இது இல்லாம அடிச்ச புஷ் ஆறு மாசம் தாங்காது. க்ராஸ் மெம்பர்ல பின் உக்கார்ற ஓட்டை பெருசாகி இருக்கான்னு கட்டாயம் பாருங்க. அது முட்ட வடிவத்துல இருந்துச்சுன்னா புது பின் போட்டும் பிரயோசனம் இல்ல, வெல்டு வெச்சு திரும்ப போர் பண்ணணும்.

கிங் பின் விசயத்துக்கு வர்றேன். இந்த ஆக்ஸில்ல மேலயும் கீழயும் டேப்பர் பேரிங், மூடி மாதிரி இருக்குற கேப்புக்கு அடியில ஷிம், அதான் மெல்லிசான தகடு, வெச்சு இறுக்கம் பாக்கணும். லூஸா விட்டா சக்கரம் உதறும், ஓவரா இறுக்குனா ஸ்டீயரிங் திரும்பி வராது, அதுவும் அலையத்தான் செய்யும். டை ராட கழட்டி விட்டு, எண்ணெய் சீலையும் எடுத்துட்டு, மீன் எடை போடுற ஸ்ப்ரிங் தராச மாட்டி இழுத்து ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுவை இருக்குதான்னு பாருங்க. பேரிங் கிண்ணத்துல கோடு கோடா குழி விழுந்திருந்தா ஷிம் எடுத்து ஏமாத்தாதீங்க, மாத்திருங்க.

வால்பாறை 40:
லேத்துக்காரர் சொன்னது பூராவும் சரிங்க, ஒரு வார்த்த மறுக்கல. ஆனா ஒண்ணு யாருமே கேக்கல. டீசலண்ணா, வண்டிய எப்பவாவது முன்னால தூக்குனீங்களா? டீசல் எஞ்சின் ஏத்துனா முன்ன அமுங்குமுங்க, அமுங்குன வண்டிய நம்மாளுங்க சும்மா விட மாட்டாங்க, ஒண்ணு ஸ்ப்ரிங்குல பட்டை சேப்பாங்க இல்ல ஸ்ப்ரிங் முனைய சேசிஸோட கோக்கற ஷாக்கிள நீட்டி போடுவாங்க. ப்ளே வேற அலைச்சல் வேறங்க. ப்ளே இருந்தா நீங்க திருப்பறது லேட்டா போய் சேரும், அவ்வளவுதான். நீங்க தொடாமயே வண்டி அங்கயும் இங்கயும் போகுது, வளைவுல இருந்து ஸ்டீயரிங் திரும்பி வரலன்னா அது கேஸ்டர் போன அடையாளமுங்க.

கேஸ்டர்னா பெரிய சங்கதி இல்லீங்க. சைக்கிள் ஃபோர்க்க பாருங்க, மேல பின்னால சாஞ்சு கீழ முன்னால நீண்டு இருக்குது, அதனாலதான் கைய விட்டு ஓட்ட முடியுது. ஜீப்லயும் கிங் பின் மேல்பக்கம் பின்னால சாஞ்சு இருக்கோணும், சிஜே 3பிக்கு கணக்கு 3 டிகிரி. அந்த சாய்வுதான் சக்கரத்த நேரா கொண்டு வருது.

இப்ப இந்த வண்டில முன் ஸ்ப்ரிங்கோட ஷாக்கிள் எங்க இருக்குது? முன்னால. பின் கண்ணு சேசிஸ்ல நிலையா இருக்குது. ஷாக்கிள ஒன்றரை இன்ச் நீட்டுனா ஸ்ப்ரிங்கோட முன்பக்கம் கீழ போகுது, ஆக்ஸில் முன்னால குனியுது, கிங் பின் மேல்பக்கம் முன்னால வந்துருது. ஸ்ப்ரிங் நீளம் சுமாரா 36 இன்ச்சுங்க, கணக்கு போட்டு பாருங்க, மூணு டிகிரில ரெண்டு டிகிரி பக்கம் அங்கயே போச்சு. வண்டி உயரமா கெத்தா நிக்கும், ரோட்ல குடிகாரனாட்ட போகும். எங்க எஸ்டேட் வண்டி ஒண்ணுல நான் இதே கூத்துல ஒரு வருசம் டை ராடு டை ராடா மாத்திட்டு இருந்தேனுங்க, அதான் அடிச்சு சொல்றேன்.

அளக்கறதுக்கு கம்ப்யூட்டர் கடை வேண்டாமுங்க. சமமான சிமெண்டு தரையில நிறுத்துங்க, டயர் காத்து ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கட்டும். போன்ல லெவல் பாக்கற ஆப் இருக்கும், கிங் பின் கேப்போட தட்டையான எடத்த தொடச்சுட்டு போன முன்னும் பின்னுமா வைங்க. கேப்பு பின்பக்கம் எவ்வளவு டிகிரி எறங்கி இருக்குதோ அதுதான் உங்க கேஸ்டர். முன்பக்கம் எறங்கி இருந்துச்சுன்னா வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க.

கொறஞ்சா பழைய அளவு ஷாக்கிள போடறதுதான் மொத வைத்தியம். உயரம் வேணும்னு அடம் புடிச்சா ஸ்ப்ரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஆப்பு மாதிரி டேப்பர் தகடு வைக்கலாம். ஆக்ஸில் மேல, ஸ்ப்ரிங் கீழ இருக்கற வண்டிக்கு தடிச்ச பக்கம் முன்னால வரோணும். ஸ்ப்ரிங்க ஆக்ஸிலுக்கு மேல மாத்தி வெச்சிருந்தா தடிச்ச பக்கம் பின்னால. தலகீழா வெச்சவங்கள பாத்திருக்கேன், இருந்த ஒரு டிகிரியும் போயிருச்சு. இரும்பு தகடா வாங்குங்க, அலுமினியம் யு போல்ட்டு இறுக்கத்துல நசுங்குமுங்க. இன்னொண்ணு, தகடு வெச்சா முன் டிஃப்பரன்ஷியல் மூக்கு கீழ குனியும், ஃபோர் வீல் போட்டு ஓட்டறப்ப ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் சத்தம் போடுதான்னு கவனிச்சுக்கோங்க.

ஆஃப்ரோடு தம்பி:
அப்ப நான் சொன்னது தப்பா? எங்க மாமா வண்டி சூப்பரா போகுதே.

லேத்துக்காரர்:
தப்புன்னு சொல்லல தம்பி. பவர் ஸ்டீயரிங் கைக்கு சுகம், அவ்வளவுதான். தேஞ்ச பெல் கிராங்க பம்ப்பு வெச்சு தள்ளுனா இன்னும் வேகமா தேயும், கேஸ்டர் இல்லாத வண்டிக்கு போட்டா ரோடு கையில தெரியவே தெரியாம போகும், அலையிறது மட்டும் அப்படியே இருக்கும். டேம்பர் உதறலுக்குத்தான், அலைச்சலுக்கு அது ஒண்ணும் செய்யாது. உங்க மாமா வண்டில பவர் ஸ்டீயரிங் போடறப்ப பெல் கிராங்க எடுத்துட்டு நேரா ஒரே டை ராடு போட்டிருப்பாங்க, போய் குனிஞ்சு பாருங்க. வண்டி நேரா போறது அதனால.

ஆஃப்ரோடு தம்பி:
ஆமா ஒரே டை ராடுதான் 😅

மன்னார் லேண்ட்ரோவர்:
வணக்கம். என்னட்ட இருக்கிறது சீரிஸ் 3 லேண்ட் ரோவர், ஆனா கதை ஒண்டுதான். எங்கட வாகனத்தில பெல் கிராங்குக்குப் பதிலா சேசிஸுக்குள்ள ஒரு ரிலே நிக்குது, ஆறு பந்து மூட்டு இருக்குது, ஒவ்வொண்டிலயும் கொஞ்சம் கொஞ்சமா தேய்ஞ்சா வளையத்தில பெரிய ஆட்டம் வந்திடும். நானும் முதல் பெட்டியைத்தான் குறை சொன்னனான். கடைசியில பின் ஸ்ப்ரிங்கின்ர யு போல்ட் இளகி, பின் ஆக்ஸில் தானே வாகனத்தைத் திருப்பிக் கொண்டிருந்தது. எல்லாரும் முன்னுக்கே பாக்கிறீங்கள், பின்னுக்கும் ஒருக்கா கீழ போய்ப் பாருங்கோ. சென்டர் போல்ட் முறிஞ்சிருந்தா ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னுக்குப் போயிருக்கும், ரெண்டு பக்கமும் சக்கரத்துக்குச் சக்கரம் நாடா பிடிச்சு அளந்தா விளங்கும்.

போடிமெட்டு டீசல்:
பதினாறு நாள் கழிச்சு வர்றேன், ஏலக்கா பறிப்பு, வண்டிக்கு லீவு குடுக்க முடியல.

வால்பாறைக்காரர் வாய்க்கு சக்கரதான் போடணும். அப்பாகிட்ட கேட்டேன், டீசல் எஞ்சின் ஏத்துன அதே வருசம் பட்டை ஒண்ணு சேத்து ஷாக்கிளும் நீட்டி போட்டாங்களாம், வண்டி முன்ன அமுங்கி மண்ண உழுதுச்சுன்னு. போன வெச்சு அளந்தா எடது 0.8, வலது 0.9. மூணு எங்க முக்கா எங்க. அப்பா சொல்றாரு, "அப்ப இருந்தே இப்படித்தான் போகுது, நான் பழகிட்டேன்". இருவது வருசமா மனுசன் ரம்பம் அறுத்திருக்காரு.

செஞ்ச வேலைய வரிசையா சொல்றேன். பழைய அளவு ஷாக்கிள் மதுரையில ஒரு பழைய கடையில கெடச்சுச்சு, மரை போட்ட யு ஷாக்கிள், ஒரு பக்கம் எடது மரைன்னு தெரியாம முறுக்கி ஒரு புஷ்ஷ பாழாக்குனது தனி கத. அத மாட்டி அளந்தா 2.6 வந்துச்சு, அதுக்கு மேல ஆசப்படல, தகடு வைக்கல. சேத்த பட்டை அப்படியே இருக்குறதால முன்ன ரொம்ப அமுங்கவும் இல்ல. பெல் கிராங்க்குக்கு புது பின், கன்மெட்டல் புஷ், பள்ளம் போட்டு, புது நிப்பிள். க்ராஸ் மெம்பர் ஓட்டை நல்ல வேளை நல்லா இருந்துச்சு. எடது கிங் பின்ல மேல் பேரிங் குழி விழுந்து போச்சு, ரெண்டு பக்கமும் பேரிங் மாத்தி தராசு மாட்டி இழுத்து ஷிம் வெச்சோம், அந்த ஒரு வேலைக்கு மட்டும் முழு நாள் ஆச்சு. பாக்ஸ் ஸ்க்ரூ லூஸ் பண்ணி கோடிக்கு கோடி இறுகாம வெச்சாச்சு. மன்னார் அண்ணே, பின்னால எடது யு போல்ட்டு நட்டு ரெண்டு சுத்து வந்துச்சு, நீங்க சொல்லலன்னா பாத்திருக்கவே மாட்டேன்.

டோ இன் நாங்களே பாத்தோம். பெல் கிராங்க நடுவுல வெச்சு கட்டிட்டு, டயர் நடுவுல சாக்பீஸ் கோடு போட்டு, முன்னால ஒரு அளவு பின்னால ஒரு அளவு. 3/64 இன்ச்சுல இருந்து 3/32 இன்ச்சுக்குள்ள முன்பக்கம் கொறச்சலா இருக்கணும்னு பழைய மேனுவல்ல இருக்கு, அதாவது சுமாரா 1.2 மிமீல இருந்து 2.4 மிமீக்குள்ள. எங்களுக்கு 2 மிமீ நின்னுச்சு. மொதல்ல பாத்தப்ப டோ அவுட்ல இருந்துச்சு, அது டை ராடு எண்ட் மாத்துன அன்னைக்கே அப்படி விட்டிருக்காங்க போல.

நேத்து போடியில இருந்து தேனி போனேன். 60ல ஒரு கை போதும். வளைவுல விட்டா தானா திரும்பி வருது, அது வர்றத பாக்கவே ரெண்டு தடவ சும்மா திருப்புனேன். வளையத்துல இன்னும் ஒரு இன்ச் ஆட்டம் இருக்கு, அது பாக்ஸ் உள்ள, அத தொடப்போறதில்ல. லேத்து கூலி, பேரிங், ஷாக்கிள் எல்லாம் சேத்து 7,400. மொதல்ல போட்ட 11,000ல டை ராடு எண்ட் தவிர மத்ததெல்லாம் தண்டம்.

ஒரு சந்தேகம் மட்டும். முன்னைக்கு இப்ப ஸ்டீயரிங் நின்ன எடத்துல திருப்ப கொஞ்சம் கனமா இருக்கு, இது சரிதானா?

வால்பாறை 40:
சரிதானுங்க, கேஸ்டர் வந்தா கொஞ்சம் கனம் வரும், வண்டி உருள ஆரம்பிச்சுட்டா தெரியாது. டயர்ல காத்து கம்மியா இருந்தாலும் கனம் காட்டும், அதையும் பாத்துக்கோங்க. முன்னால ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே பட்டன் டயரா?

போடிமெட்டு டீசல்:
ஒரே 6.00-16 நைலான் தான், ஆனா ஒண்ணு புதுசு ஒண்ணு பாதி தேஞ்சது.

லேத்துக்காரர்:
அந்த தேஞ்சத பின்னால போட்டுட்டு நல்லத ரெண்டயும் முன்னால கொண்டாங்க. பெல் கிராங்க்குக்கு மாசம் ஒருக்கா கிரீஸ் அடிங்க, தோட்டத்துல சேத்துல எறக்குன நாள் இருந்தா அன்னைக்கு சாயங்காலமே அடிச்சுருங்க. 500 கிலோமீட்டர் ஓடுன பெறகு யு போல்ட்டு நாலு பக்கமும் ஒரு தடவ முறுக்கி பாருங்க, புது ஷாக்கிள் போட்டா பட்டை கொஞ்சம் எறங்கும், நட்டு லூஸ் காட்டும்.

போடிமெட்டு டீசல்:
சரிண்ணே. அம்மாவ இன்னைக்கு தேனி சந்தைக்கு கூப்பிட்டேன், "நீ மொதல்ல ஒரு வாரம் ஓட்டு, அப்புறம் பாப்போம்"ன்னுட்டாங்க.